குலையில் ஒரு காய் குறைந்தது

தர்ஷினி, ஹரிஷ்... இந்த வாரம் உங்கள் இரண்டு பேருக்கும்தான் எழுதுகிறேன். வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிற மற்றப் பிள்ளைகள் கோபித்துக்கொள்ள வேண்டாம். வீட்டு விஷயம்தான். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிற விஷயம் இல்லை. வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

தர்ஷினி, சுதந்திர தினத்திலிருந்து நீ என்னிடம் ஒரு கேள்வியைக் கேட்காமல் இருக்கிறாய். வாயால் கேட்கவில்லை. ஆனால் சோறு பிசையும்போது நிமிர்ந்து பார்க்கிறாய். ஸ்கூல் வேனில் ஏறும்போது திரும்பிப் பார்க்கிறாய். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விடுகிறாய். கேட்டுவிட்டால்கூடப் பரவாயில்லை, கண்ணு!

அதற்குப் பதில்தான் இது. கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வரும். நேராக எழுதத் தெரிந்திருந்தால் உங்கப்பன் ஏன் பத்தாம் கிளாஸோடு நிற்கிறான்?

எல்லாம் உங்கம்மா ஆரம்பித்ததுதான். டிவியில் கொடியேற்றம் பார்ப்பது, மத்தியானம் பாயசம் குடிப்பது, சாயங்காலம் வரை தூங்குவது... நம் வீட்டுச் சுதந்திர தினம் அவ்வளவுதானே? இந்த வருஷம் முந்தின நாளே உங்கம்மா வந்து நின்றாள்.

“ஏனுங்க, பாலக்காட்டு ஆஸ்பத்திரில பட்டாளத்துல இருந்து வந்தவங்களுக்குன்னே ஒரு வார்டு இருக்குதாமா. லீவு நாள்ல அவங்கள எட்டிப் பாக்கக்கூட ஆரும் வர்றதில்லியாமா. நாளைக்குப் புள்ளைங்களக் கூட்டிட்டுப் போய்ட்டு வரலாமுங்க.”

“ஆரு சொன்னது?”

“அயல்கூட்டத்துல, எங்க மகளிர் குழுவுல, ஒரு அக்கா.”

“அந்தக்கா எதுக்கு இத உங்கிட்டச் சொல்லுச்சு?”

“உங்களுக்கு எல்லாத்துலயும் ஒரு எதுக்கு!”

ஆமாம், எனக்கு எல்லாவற்றிலும் ஒரு ‘எதுக்கு’ உண்டு. தக்காளி விதை பாக்கெட்டின் மேல் இருக்கிற படத்தை நம்பி ஏமாந்தவன் நான். மழை வரும் என்று போனில் காட்டினால், வெளியே வந்து வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாய்க்காலை அடைப்பேன். தேங்காய் எடுக்க வருகிறவர் சிரித்துக்கொண்டே வந்தால், அன்றைக்கு விலை இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். இப்படியே பழகிப்போன ஆளை ‘வாங்க, ஒரு நல்ல காரியம் பண்ணலாம்’ என்று கூப்பிட்டால் என்ன செய்வான்? பின்னால் யார் நிற்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பான்.

நான் மட்டும்தான் இப்படியா? காலையில் வேனில் சாமான் ஏற்றும்போது பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாரே, ஞாபகம் இருக்கிறதா?

“குடும்பத்தோட எங்கீங்க?”

“ஆஸ்பத்திரிக்குங்க. பட்டாளத்துக்காரங்களப் பாத்துட்டு வர்லாம்னு.”

அவர் முகம் மலர்ந்தது பாருங்கள்... “ஓ! பட்டாளத்துக்காரங்களா! செரி செரி. எனக்கும் ஒண்ணு சொல்லி வெய்ங்க.”

ஹரிஷ் அன்றைக்கே கேட்டான், எதைச் சொல்லி வைக்கச் சொன்னார் என்று. பட்டாளத்துக் கேன்டீனில் ரம் விலை குறைவு, சாமி. நம் ஊரில் ஒருத்தன் ரிட்டயர்டு மிலிட்டரிக்காரரிடம் நாலு வார்த்தை அன்பாகப் பேசினால், அது அன்பு என்று யாரும் நம்ப மாட்டார்கள். அவ்வளவுதான் விஷயம். அடுத்த பத்திக்குப் போவோம்.

நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போக முடியுமா? எலப்புள்ளிப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரன் வேறு எதை எடுத்துக்கொண்டு போவான்? தெற்கு வரிசை மரத்தில் ஒரு குலை இளநீரைக் கயிறு கட்டி இறக்கினேன். சந்தைக்குக் கொண்டுபோகிற மாதிரி உதிர்த்துச் சாக்கில் போடவில்லை. குலையாகவே, கல்யாண வாசலில் கட்டுகிற மாதிரி, அழகாகக் கொண்டுபோகலாம் என்று ஆசை. கொண்டுபோனால் போதுமா? வெட்டிக் கொடுக்க வேண்டாமா? அரிவாளையும் சாணை பிடித்து எடுத்துக்கொண்டேன்.

யோசித்துப் பாருங்கள். ஆகஸ்ட் பதினைந்து. ஊரெல்லாம் போலீஸ் சோதனை. மீசை வைத்த ஒரு ஆள், பளபளக்கிற அரிவாளோடு, பட்டாளத்துக்காரர்கள் படுத்திருக்கிற ஆஸ்பத்திரி வாசலில் வந்து இறங்குகிறான்!

செக்யூரிட்டி எழுந்த வேகத்தில் அவர் நாற்காலி கவிழ்ந்தது.

“சேட்டா! இதெந்தா? வெட்டுகத்தியா?”

“எளநி வெட்டத்தானுங்க...”

“எளநி வெட்டவா? ஆரை வெட்டவா?”

உங்கம்மா முன்னால் போய், குலையைக் காட்டி, உங்களைக் காட்டி, எல்லாம் சொன்ன பிறகுதான் அவர் மூச்சு விட்டார். அரிவாளை வாங்கித் தன் மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அதோடு விட்டாரா? குனிந்து ஒரு காயை மோந்து பார்த்தார்.

“கள்ளு ஒண்ணும் கலக்கிட்டில்லல்லோ?”

மரத்தில் காய்த்த காய்க்குள் நான் எந்த வழியாக ஐயா கள்ளை ஊற்றுவேன்? கேட்கலாம் என்று வாய் வரை வந்தது. உங்கம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த வார்டு மாடியில் இருந்தது. சுத்தமாக இருந்தது. ஜன்னல் கம்பிகளில் யாரோ காலையில்தான் சின்னச் சின்னக் காகிதக் கொடிகளை ஒட்டியிருந்தார்கள். ஓரக்கட்டிலில் ஒரு பெரியவர். மெலிந்த உடம்பு, இடது கையில் பெரிய பிளாஸ்திரி. நாம் உள்ளே நுழைந்ததுமே எழுந்து உட்கார்ந்துவிட்டார். வணக்கம் சொன்னோம். பதில் வணக்கம் இல்லை. நம் முதுகுக்குப் பின்னால்தான் பார்த்தார்.

“போட்டோ எடுக்கறவன் எங்க?”

“போட்டோ எல்லாம் இல்லீங்க.”

“எந்தக் கட்சி?”

“கட்சி இல்லீங்க. வெவசாயம்.”

“சங்கமா? கிளப்பா? பேங்க்ல கடன் குடுக்கறவுகளா?”

“சும்மா பாக்கலாம்னு வந்தமுங்க.”

“சும்மாவா...” அவர் கண்ணைச் சுருக்கினார். “சும்மா எவன்ப்பா வர்றான் இந்தக் காலத்துல? குடும்பத்தோட வந்திருக்கீகன்னா விஷயம் பெருசால்ல இருக்கும்?”

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். நம்ம ஜாதி ஆள்! சந்தேகப்படுகிற ஜாதியைச் சொல்கிறேன்.

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. காலையில் ஒரு கூட்டம் வந்ததாம். கையில் ஒரு பழக்கூடை. மூவர்ண ரிப்பன் கட்டியது.

“என் மடியில வச்சாய்ங்க. சிரிங்க சார்னாய்ங்க. சிரிச்சேன். எடுத்தாய்ங்க. அப்புறம் அதே கூடைய அடுத்த பெட்டுல வச்சாய்ங்க. அங்கயும் சிரிப்பு. இப்பிடியே வார்டு பூராம் சுத்தி, கூடையத் தூக்கிட்டு ஜீப்புல ஏறிட்டாய்ங்க. ஒரே கூடை, எல்லாருக்கும் மரியாதை! ஆப்பிள் ஒண்ணாவது உருண்டு விழும்னு பாத்தேன். விழல. ரிப்பன்தான் அவுந்து விழுந்துச்சு.”

தலையணைக்கு அடியிலிருந்து அந்த ரிப்பனை எடுத்துக் காட்டினார். நீங்கள் இருவரும் சத்தமாகச் சிரித்தீர்கள். அவரும் அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார்.

பெயர் மாடசாமி. ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். குமுளிப் பக்கம் ஏலக்காய் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். மகள் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கிட்னி கெட்டு, டயாலிசிஸ் செய்ய வேண்டி வந்த பிறகு மகளோடு வந்துவிட்டாராம். அன்றைக்கு மகளுக்கு ஷிஃப்ட். இதையெல்லாம் அவர் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் வார்டு சிஸ்டர் வந்தார். நம் குலையைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார்.

“என்ட ஈஸ்வரா! இது யாரு கொண்டு வந்தது?”

நான் பெருமையாக முன்னால் போனேன். “நம்ம தோப்புதுங்க, சிஸ்டர். மருந்து ஒண்ணும் அடிக்காததுங்க.”

“சேட்டா, இந்த வார்டுல பாதிப் பேருக்கு கிட்னி வேலை செய்யாது. இளநீர் இவங்களுக்கு விஷம்!”

விஷமா? என் தோப்பு இளநீரா?

சிஸ்டர் பொறுமையாக விளக்கினார். பிள்ளைகளே, நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். இளநீரில் பொட்டாசியம் என்று ஒரு சத்து நிறைய இருக்கிறது. நமக்கு நல்லது. ஆனால் கிட்னி கெட்டவர்களுக்கு அது வெளியே போகாது. ரத்தத்திலேயே சேரும். சேர்ந்தால் இதயம் தாறுமாறாகத் துடிக்கும். நின்றும் போகலாம். தண்ணீரே அவர்களுக்கு அளந்துதான். டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் ஒரு வாய்கூடக் கூடாது.

எங்கள் பக்கத்தில் காய்ச்சல் என்றால் இளநீர், வயிற்றுப்போக்கு என்றால் இளநீர், ஒன்றும் இல்லை, சும்மா படுத்திருக்கிறார் என்றாலும் இளநீர். தென்னைக்கு நடுவே பிறந்தவனுக்கு அது ஒருத்தரைக் கொல்லும் என்று எப்படித் தோன்றும்? என் காதெல்லாம் சூடாகிவிட்டது. குலையைத் தூக்கிக்கொண்டுபோய் வராந்தாவில் பெஞ்சுக்கு அடியில் வைத்தேன்.

“போகும்போது எடுத்துட்டுப் போங்க. இல்லைன்னா ட்யூட்டில இருக்கறவங்களுக்குக் கொடுத்துட்டுப் போங்க” என்றார் சிஸ்டர்.

பார்த்தீர்களா? அவமானத்தில் நிற்கும்போதுகூட உங்கப்பன் புத்தி எங்கே போனது தெரியுமா? ‘ஓஹோ... விஷம் விஷம் என்று சொல்லிவிட்டு, கடைசியில் இவர்களே குடிக்கப் போகிறார்களோ?’

நான் திரும்பி வந்தபோது நீங்கள் இருவரும் மாடசாமி ஐயாவின் கட்டிலில் ஏறி உட்கார்ந்திருந்தீர்கள். ஹரிஷ் கேட்டுக்கொண்டிருந்தான்.

“தாத்தா, நீங்க எத்தன பேரச் சுட்டீங்க?”

“ஒருத்தரையும் சுடலய்யா. நான் லாரி டிரைவர்.”

ஹரிஷ் முகம் தொங்கிப்போனது. “டேங்கு ஓட்டலீங்களா?”

“ஓட்டுனேனே! தண்ணி டேங்கு.” அவருக்கு அவர் ஜோக்கே பிடித்திருந்தது. “ராஜஸ்தான்ல, மணல்ல. காவல்ல இருக்கறவுகளுக்கு நான்தான் தண்ணி கொண்டுட்டுப் போகணும். நான் போய்ச் சேர்ற வரைக்கும் அவுக தொண்ட காஞ்சு ஒக்காந்திருப்பாக. வண்டிச் சத்தம் கேட்டா, பெத்த தாயி வந்த மாதிரி ஓடி வருவாக.”

“வழியில நீங்க அதுல குடிச்சுக்குவீங்களா?” என்று நீ கேட்டாய், தர்ஷினி.

“என் பாட்டில்ல இருக்கறது மட்டுந்தான் எனக்கு. டேங்குல கை வைக்கக் கூடாது.”

“ஆராச்சும் பாத்துட்டே இருப்பாங்களா?”

“மணல்ல யாரு தாயி பாப்பா? ஒட்டகம் பாக்கும்.”

நீங்கள் அப்படியே நம்பினீர்கள். நான்? டேங்க் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு, பார்க்க ஆளில்லாத மணலில், கொளுத்துகிற வெயிலில், ஒருத்தர் அதைத் தொடாமல் ஓட்டினாராம்! கட்டில் கம்பியில் சாய்ந்து நின்று தலையை மட்டும் ஆட்டினேன்.

அப்புறம் உங்கம்மா ஹரிஷை பாத்ரூமுக்குக் கூட்டிப்போனாள். நான் அடுத்தடுத்த கட்டிலில் இருந்தவர்களிடம் இரண்டு வார்த்தை பேசப் போனேன். அங்கேயும் இதே கதைதான். ஒருத்தர் எந்தக் கட்சி என்றார். இன்னொருத்தர் குரலைத் தாழ்த்தி, “மகனுக்கு மிலிட்டரியில் வேலை பாக்கணுமோ?” என்றார். கடைசிக் கட்டிலில் இருந்தவரின் மனைவி நேராகவே சொல்லிவிட்டார். “இவரு கேன்டீன் குவாட்டா முழுக்க எங்க அளியனுக்குத்தான், மச்சானுக்கு. கேட்டுட்டுப் பிரயோஜனம் இல்ல.”

நான் யாரிடம் என்ன கேட்டேன்?

கிளம்பலாம் என்று வராந்தாவுக்கு வந்து குலையைத் தூக்கினேன். தூக்கின கைக்கே தெரிந்துவிட்டது. ஒரு காய் இல்லை. காயைத் திருகி எடுத்த காம்பு பச்சையாக, ஈரமாக இருந்தது.

முதலில் சிஸ்டரைத்தான் நினைத்தேன். அப்புறம், கீழே மோந்து பார்த்த செக்யூரிட்டி மாடிக்கு வந்திருப்பாரோ என்று நினைத்தேன். தரை துடைத்துக்கொண்டு போன அம்மாவின் வாளிக்குள்கூட எட்டிப் பார்த்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் பார்த்தேன்.

அப்போது நீ வந்தாய். கையிரண்டையும் பின்னால் வைத்துக்கொண்டு. வெள்ளைச் சட்டையில், வயிற்றுப் பக்கம், காய் உரசின கறை.

“தர்ஷினி. காய் எங்க?”

கை இன்னும் பின்னால்தான் இருந்தது.

“கேக்கறேன்ல, கண்ணு?”

“சொல்லக் கூடாதுங்ப்பா. ஆர்டர்.”

யாருடைய ஆர்டர் என்று கேட்க வேண்டியதே இல்லை. சிஸ்டர் சொன்னது மட்டும்தான் தலைக்குள் ஓடியது. இதயம் நின்றும் போகலாம்.

‘அரிவாள்தான் கீழே இருக்கிறதே, எப்படிக் குடிப்பார்?’ என்று மற்றப் பிள்ளைகள் கேட்கலாம். இளநீருக்கு அரிவாள் வேண்டும் என்பது டவுன்காரர்கள் நினைப்பு. காம்புப் பக்கம் ஒரு தொப்பி மாதிரி ஒட்டியிருக்கும். அதைப் பிய்த்து எடுத்தால், அடியில் இளங்காய்க்கு மட்டை வெண்ணெய் மாதிரி இருக்கும். ஒரு ஸ்பூனின் பின்பக்கம் போதும். ஒரு சாவி போதும். கொஞ்ச நேரம் குடைந்தால் வழி கிடைத்துவிடும். இது எனக்குத் தெரியும். எஸ்டேட்டில் வளர்ந்து, தேசம் முழுக்க லாரி ஓட்டின மனிதருக்குத் தெரியாமலா இருக்கும்?

ஓடினேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, போர்வையைத் தலை வரை இழுத்துவிட்டிருந்தார். கேட்கவில்லை, கொள்ளவில்லை, போர்வையைப் பிடித்து இழுத்தேன்.

காய் அவர் கன்னத்துக்கும் தலையணைக்கும் நடுவில் இருந்தது. காம்புப் பக்கத்தை உள்ளங்கையால் மூடியிருந்தார்.

“குடிக்கல” என்றார்.

“குடுங்க.”

“குடிக்கறதுக்கு இல்லப்பா. குளுகுளுன்னு இருக்கு. வாயெல்லாம் காஞ்சு கெடக்கு, கன்னத்துல வச்சா கொஞ்சம் ஆறுது. அதுக்குத்தான் பாப்பாட்ட கேட்டேன்.”

“செரிங்க. குடுங்க.”

“நம்பலல்ல?”

“சிஸ்டரக் கூப்படட்டுங்களா?”

நீ என் பின்னால் வந்து நின்றுகொண்டாய். “நானும் சிஸ்டர் சொன்னதக் கேட்டனுங்ப்பா. குடிக்க மாட்டேன்னு சத்தியம் வாங்கிட்டுத்தான் குடுத்தேன்.”

அவர் உன்னைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “இரு” என்று சொல்லிவிட்டு மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பினார். தலைமாட்டில் இருந்த பேப்பரை எடுத்து, நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டே, காயைச் சுற்றினார். இன்னும் ஒரு தாள் சுற்றினார். அந்த மூவர்ண ரிப்பனால் கட்டினார். பொட்டலத்தை என்னிடம் கொடுக்கவில்லை. உன்னிடம் கொடுத்தார்.

“தாயி, ஒரு பந்தயம். உங்கப்பன் இதப் பிரிச்சுப் பாத்துருவான். நான் குடைஞ்சிருக்கேனா இல்லையான்னு பாக்காம அவனுக்குச் சோறு எறங்காது.”

“எங்கப்பா பாக்க மாட்டாருங்க!”

“பாக்கலன்னா வந்து சொல்லு. அதுக்கப்புறம் நானும் டாக்டர் சொன்ன அளவத் தாண்டல. ஒரு வாய்கூட. ஆனா அவன் பிரிச்சுட்டான்னா... எனக்கும் அந்தக் கட்டுப்பாடு கெடையாது. சரியா?”

இதென்ன நியாயம்? அவர் உயிர், அவர் கட்டுப்பாடு... என் கையில் எதற்குக் கொண்டுவந்து கட்டுகிறார்? அங்கேயே கேட்டிருப்பேன். நீ அதற்குள் அவரோடு கை குலுக்கிவிட்டாய்.

வார்டு வாசலில் உன்னிடமிருந்து பொட்டலத்தை வாங்கினேன். கையில் தூக்கியதும் தெரிந்தது. கனம் குறையவில்லை. காதோரம் வைத்து ஆட்டினேன். தளும்பவில்லை. பேப்பரில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. குடிக்கவில்லை, அது நிச்சயம். இந்த விஷயத்தில் என் கை பொய் சொல்லாது.

ஆனால் குடிக்கப் பார்த்தாரா? தொப்பியைப் பிய்த்து, குடைய ஆரம்பித்து, என் காலடிச் சத்தம் கேட்டு நிறுத்தினாரா? இல்லை, சொன்னது போலக் கன்னத்தில்தான் வைத்திருந்தாரா? பின்னது என்றால் காயை எதற்குப் பொத்திப் பிடிக்க வேண்டும்? முதுகைக் காட்டிக்கொண்டு எதற்குச் சுற்ற வேண்டும்? இரண்டு தாள் எதற்கு?

சிஸ்டரிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். மறைக்கக் கூடாத விஷயம் அது. அவர் பெருமூச்சு விட்டார்.

“எப்படிங்க சிஸ்டர் அவரு? சொன்னாக் கேப்பாருங்களா?”

“சில நாள் கேப்பாரு. சில நாள் கேக்க மாட்டாரு. தாகம் இல்லையா சேட்டா? நாங்க பாத்துக்கறோம்.”

அதுவும் ஒரு பதிலா? பாதி இப்படி, பாதி அப்படி!

மீதிக் காய்களை ட்யூட்டியில் இருந்தவர்களுக்கே கொடுத்துவிட்டு, செக்யூரிட்டியிடம் அரிவாளை வாங்கிக்கொண்டு வேனில் ஏறினோம். ஏறும்போது செக்யூரிட்டி பொட்டலத்தைப் பார்த்தார். நீளவாக்கில் பாட்டில் இல்லை, உருண்டை என்று தெரிந்ததும் அவர் முகத்தில் ஒரு ஏமாற்றம்.

வழியெல்லாம் பொட்டலம் உன் மடியில் இருந்தது. நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாய். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். உங்கம்மாதான் பேசினாள்.

“நீங்க பிரிக்காம இருக்கப் போறீங்களாக்கும்! பெட்ரோல் போட்டா பம்புக்காரன் பைப்ப ஒதறுனானான்னு எறங்கிப் பாக்கற ஆளு...”

“அப்பா பாக்க மாட்டாரும்மா” என்றாய் நீ. அவ்வளவுதான் சொன்னாய். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சந்தேகப்பட்டே பிழைக்கிறவனை ஒருத்தர் சந்தேகமே இல்லாமல் நம்பிவிட்டால் என்ன ஆகும் தெரியுமா, பிள்ளைகளே? சட்டைக்குள் கட்டெறும்பு புகுந்த மாதிரி இருக்கும். வெளியேயும் காட்ட முடியாது, உள்ளேயும் நிம்மதி இருக்காது. சந்தேகப்படுகிறவர்களைச் சமாளிக்க எனக்குத் தெரியும். செக்யூரிட்டியைச் சமாளித்தேன், குவாட்டா அம்மாவைச் சமாளித்தேன். உன்னைத்தான் சமாளிக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பொட்டலத்தைச் சமையலறை மேடையில் வைத்துவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டாய். காவல் வைக்கவில்லை. ஒளித்தும் வைக்கவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. இரண்டு தடவை தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே போனேன். ரிப்பனில் போட்டிருந்தது சாதாரண முடிச்சு. உருவினால் வந்துவிடும். பார்த்துவிட்டு மறுபடி கட்டினால் கடவுளுக்குக்கூடத் தெரியாது.

பார்த்தால் என்ன கிடைக்கும்? குடைந்திருந்தால், ‘நான் அப்பவே நினைச்சேன்’ என்று ஒரு திருப்தி. குடையாமல் இருந்தால் தலைகுனிவு. இரண்டில் எது கிடைத்தாலும் தாகத்தோடு படுத்திருக்கிற அந்த மனிதருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. இதெல்லாம் எனக்கு விளங்கியது. விளங்கியும் கை துறுதுறுவென்றுதான் இருந்தது. விளங்குவது தலைக்குத்தானே? கைக்கு யார் போய்ச் சொல்வது?

பொழுது சாயும் நேரத்தில், நீங்கள் பாயசம் குடித்துக்கொண்டிருந்தபோது, பொட்டலத்தை ஒரு கையிலும் மண்வெட்டியை இன்னொரு கையிலும் எடுத்துக்கொண்டு தெற்கு வரிசைக்குப் போனேன். அந்தக் குலையைக் கொடுத்த மரத்துக்கு அடியில் ஒரு குழி வெட்டினேன். இளநீர் முளைக்காது, எருவாகத்தான் போகும். அது போதும்.

வைக்கப் போகும்போதுதான் ஒரு சிக்கல். அந்த ரிப்பன் பிளாஸ்டிக். மண்ணுக்கு ஆகாது. அதை அவிழ்த்தாக வேண்டும். அவிழ்த்தேன்... பேப்பர் விரியப் பார்த்தது. காம்புப் பக்கம் ஒரு ஓரம் விலகியது. சுற்றிலும் ஆளில்லை. ஒட்டகமும் இல்லை. நம் எருமை மட்டும் அசைபோட்டபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

உள்ளங்கையை அகலமாக விரித்து, விலகின பேப்பரை அழுத்திப் பொத்திப் பிடித்தேன். முகத்தை எருமைப் பக்கம் திருப்பிக்கொண்டேன். அப்படியே குழியில் இறக்கி, பார்க்காமலே மண்ணைத் தள்ளினேன்.

போய் அவரிடம் சொல்லிவிடு, கண்ணு. நம்புவதும் நம்பாததும் இனி அவர் பாடு.